அரைப்பேர்

மார்செயிலிருந்து வந்த உறை
மஸ்கெலியாத் தபாற்கந்தோரில் பதினொரு நாள் கிடந்தது.
"உள்ளே என்ன, பொத்தானா?" என்றார் விமலசேன.
ஆம் என்றேன்.
பொத்தானைப் பற்றி யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

லொறிக்கார ஜெகசோதி தந்த பற்றரித் தண்ணீரில்
மூன்று வாரம் ஊறப் போட்டேன்.
முதலில் ஒரு காது வந்தது.
பிறகு கதிர் சூடிய கூந்தல்.
தானித் என்ற தெய்வம். மூக்கு மழுங்கி,
யார் மீதும் கோபமில்லாத ஒரு கன்னம்.

திருப்பினால் குதிரை.
பேரீச்ச மரத்தின் முன் நின்று
கழுத்தை வளைத்துப் பின்னால் பார்க்கிறது.
எதைப் போட்டுவிட்டு வந்ததோ,
இருபத்துமூன்று நூற்றாண்டாக அதே பார்வை.

நுவரெலியாவில் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறேன்.
ஓட்டம் முடிந்ததும் கைவிட்ட பந்தயக் குதிரை,
சந்தை வாசலில் கரட் தழை தின்றுகொண்டு.
பஸ் ஹோன் அடித்தது. திரும்பிப் பார்த்தது.
அவ்வளவுதான்.

இதோடு என்னிடம் ஒன்பது,
நெஸ்டமோல்ட் டின்னில், பஞ்சுக்கு நடுவே.
ஒன்று போலி: விளிம்பில் வார்ப்புக் கோடு,
கந்தப்பத்தரின் தராசில் ஒன்றரைக் கிராம் குறைவு.
அதையும் வைத்திருக்கிறேன்,
ஒன்பது என்று சொல்லிக்கொள்ள.

வெள்ளி எனக்கு எட்டாது. படத்தில் மட்டும்.
அதில் எழுத்து உண்டு. 'பாளையத்து மக்கள்' என்று படிக்கிறார்கள்.
அந்த மொழியில் உயிரெழுத்தை எழுதுவதில்லை,
மெய் மட்டும்.
உயிரை வாசிக்கிறவர் கொடுக்க வேண்டும்.

கார்த்தேஜ்காரர் வியாபாரிகள்,
தமக்கென்று காசு அடிக்காமலே நெடுங்காலம் கப்பல் ஓட்டியவர்கள்.
அடிக்கத் தொடங்கியது கூலிக்கு,
கடல் கடந்து கூட்டிவந்த கைகளுக்கு:
ஐபீரியர், கெல்ட்டியர், லிபியர்,
கவண் எறியும் தீவுக்காரர்.
யுத்தம் தோற்றதும்
பாக்கியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
மறுத்தவர்கள் பழைய காசை எடுத்து
அதன் மேலேயே தங்கள் பெயரை அடித்தார்கள்.
உற்றுப் பார்த்தால்
அடியில் பழைய முகம் தெரியுமாம்.

இதையெல்லாம் செக்ரோல் மேசையிலிருந்துதான் படித்தேன்,
மழை தகரத்தில் கொட்டும் மத்தியானங்களில்.

பத்தாந் திகதி. சம்பளம்.
பூமயிலுக்கு நான்கு நாள் அரைப்பேர்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ குறைவு;
எழுதியது நான்தான்.
அவள் சண்டை போடவில்லை.
கடதாசியில் காய்ந்துகொண்டிருந்ததைக் கையில் எடுத்தாள்.

"இது எந்தூரு சல்லி?"

கூலிச் சல்லி, என்றேன். வெளியூர்ப் படைக்குக் கொடுத்தது.

உள்ளங்கையில் ஏந்திப் பாரம் பார்த்தாள்.
வெடிப்புகளுக்குள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கை,
காசின் பச்சைக் களிம்பு அதில் எடுப்பாய்த் தெரிந்தது.

"இதுக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

என் புத்தகங்களில் அது இல்லை.

"குதிர ஏன் திரும்பிப் பாக்குது?"
தெரியாது என்றேன்.
அவளே சொன்னாள்:
"தராசு முள்ளப் பாக்குது."

வரிசை நகர்ந்தது. அடுத்தவள் பெருவிரலை மையில் தோய்த்தாள்.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
எண் ஒன்பது. வெண்கலம். ஐந்தே கால் கிராம்.
முன்புறம் தெய்வம், இடப்பக்க முகம்.
பின்புறம் குதிரை, தலை பின்னோக்கி.
தேய்வு: நடுத்தரம்.

அந்த நான்கு நாளை நான் திருத்தவில்லை.
திருத்த எனக்கு அதிகாரமில்லை,
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு புத்தகத்துக்கும்
ஒரே பேனைதான்.