முக்காலி

நிமிடத்துக்கு ஐந்து மாடு.
தோல் உரிந்து, தலை இழந்து, கொக்கியில் ஆடி வரும்.
என் மேசையில் சரியும்போது
உள்ளிருப்பதெல்லாம் இன்னும் சூடாக இருக்கும்.
பத்தொன்பது வருஷமாகக் குடல் மேசை.
எங்கே கத்தி வைத்தால் கிழியும், எங்கே கிழியாது,
கண்ணை மூடிச் சொல்வேன்.

இடப்பக்கம் வெள்ளைத் தலைக்கவசத்தில் அரசாங்கப் பரிசோதகர்.
ஒன்று விடாமல் பார்ப்பார், அமுக்குவார்,
கழலையோ சீழோ கண்டால் விரலைத் தூக்குவார்,
அந்த மாடு வரிசையை விட்டு விலகும்.
எங்கள் தொழிற்சாலையிலிருந்து
பார்க்கப்படாத ஒரு குடலும் வெளியே போனதில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு.

கிளினிக்கின் உறை சனிக்கிழமை வந்தது.
ஒரு குப்பி, ஒரு குச்சி, இரண்டு பக்க ஆங்கிலம்.
அனாயெலி காகிதத்தின் மேல் ஃபோனைப் பிடித்தாள்,
ஃபோன் அதை ஸ்பானிஷ் ஆக்கியது:
'உங்கள் முக்காலியிலிருந்து சிறு மாதிரி எடுத்து
குப்பியில் போட்டு அனுப்பவும்.'
சமையலறையின் ஒரே முக்காலியை
நானும் எடெல்மிராவும் திரும்பிப் பார்த்தோம்.
ஒரு கால் ஆடும். அதைத்தான் சொல்கிறார்களோ?

மகளுக்கு முதலில் புரிந்தது.
ஆங்கிலத்தில் அதற்கும் இதற்கும் ஒரே சொல்லாம்.
"அப்பா, அது… நீங்க பாத்ரூம்ல…"
பதின்மூன்று வயது. காது வரை சிவந்து
ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.
வங்கிக் கடிதம், வாடகைப் பத்திரம், பள்ளி நோட்டீஸ்
எல்லாம் எனக்கு வாசித்தவள்.
இதை அவளை வாசிக்க வைத்திருக்கக் கூடாது.

உறை ஃப்ரிட்ஜின் மேல் ஏறியது,
புனித யூதா ததேயுவின் மெழுகுவத்திக்குப் பக்கத்தில்.
ஞாயிறுதோறும் எடெல்மிரா தூசி தட்டினாள்,
இரண்டையும்.

உடை மாற்றும் அறையில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.
குச்சியில் தொடங்கிய பேச்சு கேமராவில் முடிந்தது.
"பின்வாசல் ஒருதரம் திறந்தா அப்புறம் மூடாது, வென்செஸ்"
என்றான் பௌடிலியோ, எல்லோரையும்விட உரக்கச் சிரித்து.
அந்தச் சிரிப்புக்காரன்தான்
வசந்தம் முழுக்க ரத்தம் போனதை
மிளகாய் என்றான், மூலம் என்றான்,
வெள்ளைச் சீருடைக்குள் இரண்டு கறுப்புக் கால்சட்டை போட்டு வந்தான்.
ஜூலையில் விழுந்தான்.
அந்தத் தரையில் ரத்தம் கிடப்பது யாருக்கும் புதிதில்லை.
யாருடையது என்று கேட்கத்தான் நேரமாயிற்று.

குப்பி இலவசம்.
குப்பி வாய் திறந்தால்தான் செலவு:
ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், மயக்கத்தோடு வீடு சேர்க்க
இன்னொருவரின் ஒரு நாள்,
வராத நாளுக்கு ஒரு புள்ளி,
ஏழு புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை. எனக்கு ஐந்தரை.
சம்பளச் சீட்டில் இருப்பது வேறொருவன் பெயர்.
காப்பீடும் அவனுக்குத்தான்.
குடல் மட்டும் என்னுடையது.

ஒமாஹாவுக்குப் போய் பௌடிலியோவைப் பார்த்தேன்.
வயிற்றில் ஒட்டியிருந்த பையைப் போர்வையால் மூடினான்.
"அந்தக் குச்சி இன்னும் இருக்கா?"
சிரிக்கவில்லை.

செவ்வாய், மகள் பள்ளிக்குப் போனபின்
குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டுமுறை பார்த்தேன்.
முழங்கை வரை மாட்டுச் சாணத்தில் நனைந்தவன்
என் சொந்தத்தில் ஒரு குச்சிநுனிக்குக் குமட்டி
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தபால் பெட்டியை நம்பவில்லை, கவுண்டருக்கே கொண்டுபோனேன்.
அந்த அம்மாள் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்:
உடையக்கூடியது, திரவம், அபாயமானது
உள்ளே ஏதாவது?

அதைத் தெரிந்துகொள்ளத்தானே அம்மா அனுப்புகிறேன்.
இவ்வளவு ஆங்கிலம் எனக்கு ஏது.
"நோ" என்றேன்.

ஷிஃப்டுக்கு நாலு நிமிடம் தாமதம். அரைப் புள்ளி.
ஆறு.

நள்ளிரவில் வீடு திரும்பி, சாப்பிட உட்கார்ந்தேன்.
முக்காலி ஆடவில்லை.
குனிந்து பார்த்தேன்: குட்டைக் காலுக்கு அடியில்
எட்டாக மடித்து யாரோ வைத்திருந்தார்கள்
அந்த இரண்டு பக்க ஆங்கிலத்தை.