வளைவில் இரண்டு முறை

கோஸ்கெலாவைப் பற்றிப் பேச
என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.
நியாயந்தான். நான் வண்டியோட்டி.
பதினேழாம் எண் மஞ்சள் பேருந்து.
சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே
பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்கெல்லாம்
ஓட்டக்காரப் பிள்ளைகளை ஏற்றிப்போய்த்
திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவள்.

படிக்கட்டை ஒட்டிய முன்னிருக்கை அவருடையது.
மடியில் அட்லஸ், அதன்மேல் விடைத்தாள்கள்.
பொலிவியாவுக்குக் கடல் வரைந்த பையனுக்கு
அரை மதிப்பெண் போட்டுவிட்டு
"ஆசைப்பட்டிருக்கிறான், வில்மா" என்பார்.

மேலங்கியில் எப்போதும் வெங்காய வாசம்.
டோரீனுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி;
ராச்சாப்பாட்டைச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான்
மைதானத்துக்கு வருவார்.
பையில் ஒற்றை ஒற்றையாய் ஷூ நாடாக்கள்.
விசிலை மட்டும்
கடைசிவரை ஒழுங்காக ஊதத் தெரியவில்லை.

ஒருமுறை டுவெய்னைத் திட்டிவிட்டார்,
எல்லோர் முன்னாலும், மழையில்.
மறுநாள் கட்டம் போட்ட தாளில் நான்கு வரி எழுதி
மடித்து என் கையில் வைத்தார்:
"அவன் இறங்கும்போது கொடு.
நான் நீட்டினால்
வாங்கித்தான் ஆகவேண்டும் அவனுக்கு."

மாவட்ட இறுதிப் போட்டிக்கு அவர் வரவில்லை.
அன்றைக்கு மகள் ஐலா
பள்ளி நாடகத்தில் மரம்.
கோப்பையோடு திரும்பினோம்.
இருட்டில் காத்து நின்றவர் முதலில் கேட்டது
சாலை வழுக்கியதா என்று.
பிறகு, கோப்பையைப் பார்க்காமலே,
"கிளையை ஒரு தடவைகூட அவள் இறக்கவில்லை."

ஐலாவுக்குக் காது கேட்காது.
வெளியூர் போன மற்ற அப்பாக்கள்
தொலைபேசியில் சொல்லலாம், தூங்கு கண்ணே என்று.
இவருக்கு நான் இருந்தேன்.
மூடிக்கிடக்கும் செம்புச் சுரங்கம் தாண்டிச்
சாலை வளைகிற இடத்தில்
மேட்டின்மேல் அவர் வீட்டு மாடி ஜன்னல் தெரியும்.
"வில்மா, தயவுசெய்து" என்பார்,
ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பவர்போல.
முன்விளக்கை அணைத்து ஏற்றுவேன்.
அணைத்து ஏற்றுவேன்.
மேலே ஒரு மேசைவிளக்கு
இரண்டு முறை கண்சிமிட்டும்.
பின்னால் பிள்ளைகள் வாய்பிளந்து தூங்குவார்கள்.
விஷயம் எங்கள் மூவருக்குள்தான்
என்று நினைத்திருந்தேன்.

ஒரு நவம்பரில் மறந்துபோனேன்.
பள்ளி வாசலில் "பரவாயில்லை" என்று இறங்கியவர்,
தன் காரில் ஏறி
வீட்டைத் தாண்டி,
வளைவுவரைக்கும் போனதைப் பார்த்தேன்.

பிப்ரவரியில் அவரைக் கொண்டுபோனோம்.
தேவாலயத்தில் ஐலா கைகளால் பேசினாள்,
கணவன் குரல் கொடுத்தான்.
வெங்காயம் என்றபோது எல்லோரும் சிரித்தோம்.
ஓய்வு பெற்ற என்னை அன்றைக்கு மட்டும் ஓட்டச் சொன்னார்கள்.
முழங்கால் தேய்ந்த பழைய ஓட்டக்காரர்கள்
முப்பத்தொரு பேர் ஏறினார்கள்.
நிற்க இடமில்லை,
முன்னிருக்கையில் யாரும் உட்காரவில்லை.

முன்னால் சவ வண்டி,
அதன்பின் குடும்பத்தாரின் கார்,
அப்புறம் நாங்கள்.
நடுப்பகல். எல்லா வண்டியிலும் விளக்கு.
சுரங்கம் தாண்டியது.
மாடி ஜன்னலில் யார் இருக்கப்போகிறார்கள்?
பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

பின்னாலிருந்து டுவெய்னின் குரல்,
நரைத்த தாடிக்குள்ளிருந்து:
"வில்மா, தயவுசெய்து."

பாவிகளா.
அத்தனை வருஷமும்
விழித்துக்கொண்டா இருந்தீர்கள்?

அணைத்து ஏற்றினேன்.
அணைத்து ஏற்றினேன்.

சவ வண்டிக்காரர் பதறிப்போய் ஓரங்கட்டினார்.
பனியில் சறுக்கியபடி ஓடிவந்து
டயரா, என்ன ஆச்சு என்றார்.
ஒன்றுமில்லை, வளைவு என்றேன்.
இவளுக்கு வயதாகிவிட்டது
என்பதுபோல் ஒரு பார்வை.

முன்னே நின்ற காரில் கண்ணாடி இறங்கியது.
கையுறை இல்லாத கையொன்று
குளிரில் வெளியே நீண்டு
விரிந்தது, மூடியது,
விரிந்தது.