எட்டு மில்லிமீட்டர்

லத்தேரி ரயில்வே கேட்டுக்கு அப்பால்
பொன்னுரங்கத்தின் கொட்டகை.
மே மாதம். தகரம் கொதிக்கிறது.
பதினொன்று ஈன்ற வெள்ளைப் பன்றி
நாலாம் நாளில் நாலுக்குப் பாலூட்டுகிறது.
மீதி ஏழும்
தண்ணீராய்க் கழிந்து கழிந்து
தோல் மட்டும் மிஞ்சி
சுண்ணாம்பு தூவிய குழிக்குள்.

"எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேம்மா."
குடியாத்தம் கடை மஞ்சள் பொடி,
தீவனத்தில் கலக்கும் ஊதாப் பொட்டலம்,
பையனுக்கு எழுதித்தந்த மாத்திரையில் மிச்சம் பாதி.

நாலில் மூன்று நடுங்குகின்றன.
ஒன்று மட்டும், இடக்காதில் கறுப்பு மச்சம்,
செத்ததன்மேல் தூங்கி எழுந்து
அதே சேற்றை நக்கிவிட்டு
முலைக்குச் சண்டை போடுகிறது.
ஊசி இறங்கியபோது அது போட்ட சத்தத்தில்
ஜோலார்பேட்டை வண்டி போனதே கேட்கவில்லை.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வேலூர்.
பக்கத்து சீட்டுக்காரர் மீனா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.

செத்த குட்டியின் குடலில் எடுத்த கிருமியைத்
தட்டில் பரப்பி
மருந்து தோய்ந்த ஆறு வில்லைகள் வைத்தேன்.
காலையில்
ஆறின் விளிம்பு வரைக்கும்
நாற்றங்கால்போல் நெருங்கி நின்றது.

இன்னொரு தட்டில்
மச்சக்குட்டியின் வெள்ளணுக்களை உடைத்து
இரண்டு வாரம் பிரித்தெடுத்த புரதம்.
ஒரு சொட்டு.
அதைச் சுற்றி ஒன்றுமில்லை.
எட்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை.
நடுங்கிய குட்டியின் சொட்டுக்கும் வட்டம் உண்டு,
இரண்டு.
ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

கிருமியின் தோலில் போய் ஒட்டும்,
துளைக்கும்,
உள்ளே இருப்பதை வெளியே ஒழுகவிடும்.
பாலாற்றில் லாரிகள் பறித்த பள்ளம்போல
ஒரே ராத்திரியில் அத்தனை பள்ளம்.
எந்தக் கடையும் விற்காத சரக்கு,
எலும்புக்குள்ளேயே பட்டறை.

"ஒரு குட்டியை வச்சு
ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்
தேவகிருபை மேடம்.
உண்மைதான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் திரும்பப் போனேன்.
கொட்டகைக்குப் புதுத் தகரம்.

"அதுவா? கிறிஸ்மஸுக்குப் போச்சும்மா.
ஒரு நோவு இல்ல, நல்ல எடை.
அத்தத்தான் மொதல்ல கேட்டாங்க.
எவன் வுடுவான்?"

எதைத் திட்டுவது?
பிழைத்ததற்குக் கிடைத்த விலை அது.
என்னிடம் உறைபெட்டியில் கால் குப்பி மிச்சம்,
கரண்டு போகும் ஊரில்.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ,
"தாயி கீதே" என்றார்.

மூலையில் அது புரண்டு படுத்தது.
வயிறு தரையில் பரவிக் கிடந்தது.

"எப்போ?"

"தை பொறந்ததும்."