அன்று பனி பெய்யவில்லை

செவ்வாய் இரவு, ஏழு மணி வகுப்பு.
டுலூத் துறைமுகத்துக்கு மேலே, குன்றின் சரிவில் கல்லூரி.
பன்னிரண்டு நாற்காலிகள்,
வட்டம் என்று சொல்லப்படும் ஒரு கோணல்.
பாடத்தின் பெயர் புனைவல்லாத இலக்கியம்.
அந்த "அல்லாத"வில்தான் எல்லாரும் தடுக்கி விழுவோம் என்று
முதல் வாரமே சொல்லிவிட்டார் நொரீன் வாஸ்கோ,
என்னைவிட ஒன்பது வயது இளைய ஆசிரியர்.

இங்கே ஒரு விதி.
எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.
உங்கள் பக்கங்களை மற்றவர்கள் பிரித்துப் போடும்போது
சாவு வீட்டில் செத்தவரைப் போல
நடுவில் கிடப்பீர்கள்.
பேச்செல்லாம் உங்களைப் பற்றி,
உங்களிடம் இல்லை.

இன்று என் முறை.

ஆறு பக்கம்.
அப்பா வீட்டை விட்டுப் போன காலை.
பனி பெய்துகொண்டிருந்தது.
கேசட் உறை ஒன்றால்
கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அவர்.
கையுறை இல்லை. விரல்கள் சிவந்திருந்தன.

"அந்த விரல்கள் நன்றாக இருக்கின்றன" என்றார்
இரும்புக் கடை ஓகர்லுண்ட்.
"ஆனால் கதைசொல்லிக்கு அம்மா மேல் ஏதோ கோபம்."
கதைசொல்லி!
கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டீக்.
பத்தொன்பது வயது, தொப்பியைக் கழற்றாத பையன்.
"தேதி போட்டிருந்தீர்கள், அதனால் தேடிப் பார்த்தேன்.
ஏப்ரல் இருபத்தெட்டு, விமான நிலையப் பதிவு.
வெயில். அறுபத்தோரு டிகிரி.
பனி பூஜ்யம்."
திருடிவிட்டவன் போலச் சொன்னான்.

சுவரோரம் வெப்பக் குழாய் இருமியது.
கீழே ஏரியில் தாதுக் கப்பல் ஒன்று ஊதியது.
முப்பத்திரண்டு வருடமாக
என் தலைக்குள் பெய்துகொண்டிருந்த பனி
பேச அனுமதியில்லாத நேரம் பார்த்து
நின்றுபோனது.

வண்டிக்குள் உட்கார்ந்து
டகோமாவில் இருக்கும் அக்காவை அழைத்தேன்.
"காரா? கார் அப்போது மெக்கானிக்கிடம்.
பஸ்ஸில் போனார்.
நீ எங்கே பார்த்தாய்?
காது ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.
வந்து பார்த்தால் கொக்கியில் கோட்டு இல்லை.
அவ்வளவுதான் நடந்தது."

அவ்வளவுதான்.

அப்படியென்றால் சுரண்டியது யார்?
கண்ணாடியில் கை அளவுக்கு ஒரு துவாரம் விழுந்து
அதன் வழியே தெரிந்த முகம்?
மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இரவு ஷிஃப்ட்.
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்.
ஜன்னலில் நான்.

ஆறு பக்கத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரு வரி:
"அம்மா கதவருகே நின்றாள்."
அதைக்கூடப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.
இருந்தவளின் கையை எடுத்து
போனவருக்கு ஒட்டிவிட்டேன்.
பொருந்தியும் விட்டது, அதுதான் பயம்.

இரண்டாம் வரைவை
வண்டிச் சாவியைக்கூட மாட்டாமல் எழுதினேன்.
அன்று பனி பெய்யவில்லை.
பெய்தது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.
இந்த இரண்டு வாக்கியம் விடியும்வரை.
டீக் திருப்பித் தந்த பிரதியின் ஓரத்தில்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி,
அதன் கீழே, இன்னும் சிறிதாக, "ஸாரி".

ஞாயிறு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.
எல்மா ஹௌடலா, எழுபத்தாறு,
ஏலக்காய் ரொட்டிக்கு மாவைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.
அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.
பின்னலின் நுனியை அடியில் மடித்துச் செருகினாள்.

"கேசட் உறை குளிரில் நொறுங்கிப்போகும்" என்றாள்.
"பான்கேக் திருப்பும் கரண்டி அது.
மாற்று."

மாற்றினேன்.

அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு
"பச்சைக் கைப்பிடி" என்றாள்.