உறவு: மற்றவை

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள்.
ஓசூர் அரசு மருத்துவமனை,
மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் நான்.
வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரை போயிருந்தது.

தமிழில் கேட்டேன், பேர் என்ன.
தெலுங்கில் கேட்டேன். கன்னடத்தில் கேட்டேன்.
இந்த ஊருக்கு மூன்று போதும் என்று
பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருப்பவன்.
வயிற்றைத் தாங்கி நின்றவள்
மூன்றுக்கும் ஒரே சிரிப்பைத் தந்தாள்.

"நம்பர் இல்லாம பதிய முடியாது. தள்ளு."
தள்ளு என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.
எங்கே கற்றாளோ.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்:
"கொஞ்சம் பொறுங்கோ சேர், நான் கேட்டுச் சொல்லுறன்."
வந்தவள் அவள் காதருகே குனிந்து
"கெத்தே மாசொ?" என்றாள்.
ஏழு விரல்கள் நிமிர்ந்தன.

பூலமதி மாஜி. பலாங்கீர் பக்கம்.
இப்போது பாகலூர் சாலையில் ரோஜாக் கூடாரம்.
இதுவரை ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை.
சொல்லச் சொல்லத் தட்டினேன்.

உனக்கெப்படி ஒடியா?
"ஒரே ஷெட் சேர். இருபது பூவுக்கு ஒரு கட்டு.
பிப்ரவரியில ராவெல்லாம் கட்டுவம்.
கட்டுக்கு ஒரு சொல் சேர்ந்தாலும் காணும்தானே."
தண்ணீர், தலைசுற்று, கத்தரிக்கோல்,
மேஸ்திரி, இன்னும் தரவில்லை:
இந்த வரிசையில் கற்றாளாம்.

கட்டைவிரலை வைக்கச் சொன்னேன்.
கருவி சிவந்தது. மறுபடி சிவந்தது.
முள் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்.
அடுத்தவரைக் கூப்பிட வாயெடுத்தேன்.
அவள் பூலமதியின் கையைப் பிடித்து
முந்தானையால் துடைத்தாள்,
கண்ணாடிக்கு ஊதுவது போல ஊதினாள்,
மோதிர விரலை எடுத்து வைத்தாள்.
"இது முள்ளுக்குத் தப்பின விரல் சேர்."
பச்சை.

நாடு என்ற கட்டத்தில் யாரும் தட்ட வேண்டியதில்லை.
இந்தியா தானாக வந்து விழும்.
அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எனக்கு இப்படி விழாது" என்றாள்,
மழை வரும்போல இருக்கு என்பதைப் போல.
நீ எந்த ஊர்?
"கெலவரப்பள்ளி அணை முகாம்.
இங்கதான் பிறந்தனான், தொண்ணூத்தொண்டில.
மாடி வார்டு."
தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது.
அதற்கு மேல் அந்த வார்டு.

நிரந்தர முகவரிக்குப் பூலமதி
ஓடை, கோயில், மாமனார் பேர் எல்லாம் சொன்னாள்.
அறுபது எழுத்துக்கு மேல் கணினி வாங்கவில்லை.
கோயிலோடு நிறுத்திக்கொண்டோம்.

உடன் வந்தவர்: நிரோஜினி.
உறவு?
கணவர், தாய், சகோதரி, மாமியார் என்று
அம்புக்குறி இறங்கிக்கொண்டே போனது.
"பக்கத்து மேசை எண்டு போடுங்கோ."
அப்படி ஒன்று இல்லை.
மற்றவை என்பதை அழுத்தினேன்.
அச்சு இயந்திரம் முனகி
பன்னிரண்டு இலக்கங்களைத் துப்பியது.
பூலமதி அதை நான்காய் மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

அப்போதுதான் நினைவு வந்தது.
நீ எதுக்கு வந்தே?
நிரோஜினி தன் சீட்டைத் தேடினாள்,
ரத்தப் பரிசோதனை, முடிவு வாங்க வேண்டும்.
லேப் ஜன்னல் பன்னிரண்டுக்கே மூடிவிட்டது.
"பரவாயில்லை, அடுத்த செவ்வாய்.
இண்டைக்கு முகாமில செக்கிங்,
அஞ்சுக்குள்ள கையெழுத்து வைக்கோணும்."
அரைநாள் கூலி இருவருக்கும் போயிருக்கும்.
நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் அவளோடு நான்கு பேர்.
அதற்கடுத்து ஒன்பது,
அதில் ஒருத்தி பள்ளிக்கூடச் சேர்க்கை கேட்டு வந்தாள்,
அது வேறு கட்டிடம் என்றேன்.
நிரோஜினி அங்கேயும் போனாள்.

அவளிடம் ஒரே ஒரு சொல் கேட்டு வாங்கினேன்.
பொசொந்து. உட்காருங்கள்.
இப்போது தவறாமல் சொல்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே
நாற்காலி கிடையாது.