கசியும் வளையம்

யுவாஸ்குலாவில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது, மைனஸ் இருபத்திரண்டில்.
அதெல்லாம் வெயில் என்கிறான் சம்ப்ஸா,
ஹீலியம் உருளையைத் தட்டியபடி.
உள்ளே, தனிச்சுழிக்கு மேல்
ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு.

அந்தக் குளிரின் அடிவயிற்றில் வளையம்.
ஒரு தலைமுடியின் குறுக்கே ஐம்பதை அடுக்கலாம்.
எலக்ட்ரான் ஒரு வாசலில் நுழைகிறது,
இடமும் போகிறது, வலமும் போகிறது,
மறுவாசலில் தன்னையே சந்திக்கிறது.
வலப்பாதையில் மட்டும் ஒரு சின்னக் குழி.
அதில் இறங்கி ஏறி வந்த அலை
மற்றதைவிட எவ்வளவு பின்தங்கியது?
அதற்குப் பெயர் கட்டம்.
வரைதாளில் இருப்பதும் கட்டம்தான்,
சம்ப்ஸாவின் சட்டையிலும்.
நிதி தீர்ந்துகொண்டிருந்த ஆய்வும்
அப்போது அப்படியொரு கட்டத்தில்தான் இருந்தது.

மூன்று மாதம் காந்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கேட்டார்கள்.
வளையம் இரண்டே பதில் சொன்னது:
சேர்ந்து வந்தேன்.
எதிராக வந்தேன்.
இடையில் ஒரு பாகைகூட இல்லை.

விளக்கணைத்த உணவறையில் ராய்லி சொன்னாள்:
"மூடிய வளையம். எதையும் வெளியே விடுவதில்லை.
காந்தத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே கணக்கைக் காட்டும்.
பக்கவாட்டில் வாசல் திறப்போம். ஒழுகட்டும்."
நூறில் தொண்ணூற்றேழு போய்விடுமே என்றான்.
"போகட்டும்."
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்,
கத்தியை நிறுத்தவே இல்லை.

புதிய சில்லு பிப்ரவரியில் உள்ளே இறங்கியது,
பாதையோரமெல்லாம் வடிகால்களோடு.
மறுமுனைக்கு வந்தது நூலிழை மின்னோட்டம்.
அதையும் இரைச்சல் தின்றுவிடக் கூடாதென்று
லிஃப்டை நிறுத்தினார்கள்,
காப்பி இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினார்கள்.

பின்னிரவு இரண்டேகால்.
திரையில் கோடு தத்தித் தத்தி ஏறியது.
பத்து பாகை.
முப்பத்தொன்று.
எழுபது, எழுபத்துநான்கு.
இத்தனை நாள் வளையம் விழுங்கி வைத்திருந்த எண்களெல்லாம்
ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.
ராய்லி நாற்காலியிலிருந்து எழுந்தாள், ஏனென்று தெரியாமல்.
நூற்றெண்பது.

அதற்கப்பால் ஒரு பள்ளம்.
குழி ஏறக்குறைய யாரையும் விடாத இடம்.
அங்கே கோடு சட்டென்று விழுந்தது,
சுழிவரைக்கும்.
அடுத்த குழிநிலையில் மறுபடி ஏறி
மறுபடி விழுந்தது.
இருவர் கணக்கிலும் இந்த வீழ்ச்சி இல்லை.

"ஒயர் பிசகு" என்றான் சம்ப்ஸா.
ஒயரைப் பார்த்தார்கள். பிசகில்லை.
"இன்னொரு முறை" என்றாள்.
இன்னொரு முறை.
ஏரிமேல் வெளுக்கத் தொடங்கியபோது
பதினோராவது முறை விழுந்துகொண்டிருந்தது.

லிஃப்டை யாரும் திரும்பப் போடவில்லையென்று
காலையில் ஆறாம் மாடியிலிருந்து
புகார் வந்தது.