ஈரம் பதினெட்டு

கயிறு மேலே, நான் கீழே.
பதினோரு வருடமாக என் கழுத்து
இந்தக் கணக்கில்தான் தேய்கிறது.
கெத்தின் ஏறுகிறான்.
நான் அண்ணாந்து நிற்கிறேன்,
விழும் கிளைக்குத் தள்ளி,
விழாத கிளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி.

லாரிக் கதவில் இருவர் பெயரும் உண்டு:
ப்ராபர்ட், ரீஸ். மரவேலை. விறகு.
வேல்ஸ் மழையில் என் பெயர் ஓரெழுத்து உரிந்துவிட்டது.
பில் அனுப்புகிறவள் நான் என்பதால்
யாரும் என்னை மறந்ததில்லை.

டில்வின் தோட்டத்தில் ஓர் ஆஷ் மரம்.
நுனியிலிருந்து கருகி இறங்கும் அந்த நோய்க்கு
இந்தப் பள்ளத்தாக்கில் தப்பியவை
நான் எண்ணிய வரை ஆறு.
இது ஏழாவது இல்லை.
செத்த ஆஷ் சொல்லிவிட்டு முறியாது.
சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்;
சரியாக அதன் கீழே வெள்ளைக் கூடாரம்,
நூற்று நாற்பது நாற்காலி.
"வியாழனுக்குள் முடியுமா?"
"முடியும்" என்றேன்.
சிப்பருக்கான தவணை வெள்ளிக்கிழமை.

முப்பதடியில் கெத்தின் நின்றான்.
ரம்பம் பேசவில்லை.
கையை விரித்தான், மூடினான், விரித்தான்.
எங்கள் சைகைகளில் அப்படி ஒன்று கிடையாது.
பிறகு இரண்டு கட்டைவிரலையும் கோத்து
மற்ற விரல்களைச் சிறகாக்கி அடித்துக் காட்டினான்.

வௌவால்.

"எத்தனை?" என்று கத்தினேன்,
எண்ணிக்கையால் ஏதோ மாறிவிடும் என்பதுபோல.
இறங்கி வந்து சொன்னான்:
பிளவுக்குள் டார்ச் அடித்தால்
நனைந்த மிளகாகக் கண்கள்.
ஒன்றே ஒன்று இருந்தாலும்
சட்டப்படி அது வீடு, நாம் அந்நியர்.

டில்வின் எங்கள் இருவர் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.
"நீங்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.
இரண்டு மடங்கு தருகிறேன்."
நான் கணக்குப் பார்க்கிறவள்.
வாய் "இல்லை" என்று சொல்வதற்குள்
மனசு இரண்டால் பெருக்கி முடித்திருந்தது.

கூடாரத்தை அந்தப் பக்கம் நகர்த்தலாமே என்றேன்.
அங்கே கழிவுநீர்த் தொட்டியின் மூடியாம்.
"அதன் மேல் நின்றா மோதிரம் மாற்றுவாள்?"
சிரிப்பை அடக்கக்
கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான் கெத்தின்.
அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதுதான்
எனக்குச் சிரிப்பு வராத காரணம்.

திரும்பும் வழியில் கைன்வென் செய்தி அனுப்பியிருந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
'அடுப்பு அணைந்து மூன்று நாள். ஒரு லோடு வருமா?'
போன ஜனவரி லோடே
இன்னும் என் நோட்டில் எரிந்துகொண்டிருக்கிறது.

முற்றத்துக் குவியலில் ஒரு கட்டையைப் பிளந்து
ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அழுத்தினேன்.
இருபத்தொன்பது.
அடியிலிருந்து உருவிய இன்னொன்று: இருபத்தாறு.
இருபதுக்கு மேல் விற்பதில்லை என்று
ரசீதில் நானே அச்சடித்து வைத்திருக்கிறேன்,
தொழில் நன்றாக ஓடிய ஒரு வருடத்தில்.

வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே
எங்கள் குளிர்காலத்துக்கு அடுக்கிய ஓக் இருந்தது.
பதினெட்டு.
தட்டினால் மரக்கரண்டிபோல் கணீரென்றது.

சீருடையைக் கழற்றாமலே
கைன்வென் கூடவே நின்று இறக்கினாள்.
"பணம் இருபதாம் தேதி" என்றாள்.
எழுதிக்கொண்டேன், பென்சிலால் இல்லை, பேனாவால்.
நான் சத்திரம் நடத்தவில்லை.

ராத்திரி எங்கள் அடுப்பில் கட்டையின் முனை நுரைதள்ளியது.
கண்ணாடிக் கதவு கறுத்துக்கொண்டே வந்தது.
"எவ்வளவு?" என்றான் கெத்தின்.
"இருபத்தொன்பது."
"அவளுக்கு?"
"பதினெட்டு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கயிற்றை மடியில் போட்டு
முழம் முழமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
நாளைக்கு ஏற
மரம் ஒன்றும் இல்லாதபோதும்.